சுபேதாருக்குப் போட்ட கட்டு

இராஜபாளையம்,
10.6.2024

ஏ தாயி வெள்ளத்தா,

எப்படி இருக்க? ஆப்பரேசன் பண்ணின கண்ணில் மறைப்பை எடுத்துவிட்டார்களா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா, இல்லை "பொறவு விட்டுக்கிடலாம்" என்று ஜன்னல் கட்டையிலேயே வைத்திருக்கிறாயா? மாப்பிள்ளை தங்கப்பாண்டியன் திருப்பூர் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து பகலில் கொஞ்சமாவது தூங்குகிறாரா? வத்திராயிருப்பில் நம்ம வெங்கடேஸ்வரிக்கு வாந்தி நின்றதா? அஞ்சு மாசம் தாண்டிவிட்டால் நின்றுவிடும் என்று எல்லாருக்கும் சொல்கிறவள் நீ, உனக்கு நான் சொல்வதா.

இங்கே நான் சௌக்கியம். உன் மதினி மாரிக்கனி சேத்தூரில் அவள் அண்ணன் வீட்டுக் கோயில் கொடைக்குப் போய் ரெண்டு நாளாகிறது. போனும் அவளோடு போய்விட்டது. இருந்தாலும் எனக்கு என்ன பிரயோசனம்? தறிச் சத்தத்தில் காது போய் எட்டு வருசம். அன்றிலிருந்து நம்ம பேச்செல்லாம் கடுதாசிதானே. தபால்காரர் கேட்கிறார், "ஊரே வாட்சப்ல பேசுது, நீரு மட்டும் ஏன் ஓய் எனக்கு வேல வைக்கீரு?" என்று. அவர் கேட்டது எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறாய்? உதட்டைப் பார்த்துத்தான்.

நம்ம சுபேதார் கதைக்கு வருகிறேன். இறகுத் தூசி கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி நீ அவரை இங்கே அனுப்பி ஒன்பது நாளாகிறது. பாண்டிச்செல்வம் பட்டாளத்துக்குப் போகும்போது அம்மாக்காரி உன்னிடம் விட்டுப்போன காக்டெயில் கிளி. அவன் வைத்த பேர் சும்மா இல்லை. மஞ்சள் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டுமாக, கூண்டுக் கம்பியில் அவர் நிற்கிற நிற்பைப் பார்த்து நேற்று கேஸ் கொண்டுவந்த பையன் சலாம் வைத்துவிட்டுப் போனான். கண்டக்டர் மாதிரி ரெண்டு விசில் அடிப்பாராமே. எனக்குக் கொண்டை ஆடுவதுதான் தெரியும்.

நேற்று மத்தியானம் ஒரு சின்னக் காரியம் நடந்தது. நீ பயப்படாதே. நான் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். என் முன்னால் வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. பொறவு இன்னொன்று. என் விரலைத்தான் முதலில் பார்த்தேன். திரும்பினால், பக்கத்து வீட்டுப் பூனை கூண்டு மேல் உட்கார்ந்திருக்கிறது. சுபேதார் உள்ளே அடித்துப் புரண்டு, இடது சிறகில் புதுசாக முளைக்கிற இறகு ஒன்று ஒடிந்து, அதிலிருந்து ரத்தம் தெறிக்கிறது. ஒரு இறகுக்குள் அம்புட்டு ரத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் யாரிடம் வந்திருக்கிறார்? சத்திரப்பட்டித் தறியில் நாப்பது வருசம் கட்டுத்துணி நெய்தவன் வீட்டில். மஞ்சள் வைத்து, நம்ம புதுத் துணியை எடுத்து, சிறகை உடம்போடு அணைத்து நெஞ்சைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில்கூட இப்படிக் கட்ட மாட்டார்கள். ரத்தம் நின்றுவிட்டது. இப்போது கூண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். களைப்பு போல.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. கண்ணைக் கசக்காதே.

உன் அண்ணன்
சுயம்புலிங்கம்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்,
13.6.2024

அண்ணனுக்குத் தங்கச்சி வெள்ளத்தாய் எழுதியது.

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும். கண்ணு கூசுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கோங்க. விசாரிப்பையெல்லாம் அடுத்த கடுதாசியில் வைத்துக்கொள்கிறேன்.

அண்ணே, இதைப் படித்த கையோடு சுபேதாருக்குப் போட்ட கட்டை அவுத்துருங்க. மேற்கொண்டு படிக்காதீக. அவுத்துட்டு வந்து படிங்க.

ஒங்க கடுதாசி இன்றைக்குக் காலையில்தான் வந்தது. மதினிக்குப் போன் போட்டேன். கொட்டுச் சத்தத்தில் ஒண்ணும் கேட்கவில்லை. "சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவேன், போயிப் பாக்கேன்" என்றாள். பொறவு பறவைக் கடை ராம்குமாருக்குப் போட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, மொளைக்கிற இறகு காம்புக்குள்ள ரத்தம் ஓடும். கருநீலமாத் தெரியும். அது ஒடிஞ்சா மக்காச்சோள மாவோ கோதுமை மாவோ தொட்டு, ஒடிஞ்ச நுனிய ரெண்டு விரலால செத்த நேரம் அமுக்கிப் புடிச்சா நின்னுரும். நிக்கலன்னா, சிறகு எலும்ப ஒரு கையில அசையாமப் புடிச்சுக்கிட்டு, அந்தக் காம்ப அடியோட நேரா ஒரே இழுப்புல உருவிரணும். உருவுன எடத்த அமுக்கிக்கிடணும். பழகாத கைன்னா மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும். பொறவு கதகதப்பா, இருட்டா ஒரு அட்டப்பெட்டியில வைங்க. மஞ்சளு, சுண்ணாம்பு ஒண்ணும் வேண்டாம். முக்கியமா நெஞ்சச் சுத்திக் கட்டக் கூடாது. நமக்கு மூக்கப் பொத்துற மாதிரி அதுக்கு. நெஞ்சு ஏறி எறங்குனாத்தான் பறவைக்கு மூச்சு."

இன்னொன்றும் சொல்லணும். அங்கே அனுப்புகிறதுக்கு முதல் நாள், ஒங்க வீட்டு ஃபேனில் போய் அடிபட்டுவிடக் கூடாது என்று சிறகைக் கத்தரித்தது நான்தான். ஆப்பரேசனுக்கு முன்னால், கண்ணில் பாதி தெரியாதபோது. குருத்து இறகு ஒன்று இருந்திருக்கும் போல. சுற்றி இருந்ததையெல்லாம் வெட்டி அதை மட்டும் ஒத்தையில் நிற்க விட்டிருக்கிறேன். துணைக்கு நாலு இறகு இருந்தால் ஒடிந்திருக்காதாம்.

உடனே எழுதுங்க அண்ணே.

வெள்ளத்தாய்


(அஞ்சலில் சேர்க்காதது)
இராஜபாளையம்,
15.6.2024

வெள்ளத்தா,

உன் கடுதாசி இப்போதுதான் வந்தது. அவிழ்க்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். அவிழ்த்து நாலு நாளாகிறது.

நான் உனக்கு எழுதித் தபாலில் போட்டதற்கு மறுநாள், பதினொன்றாம் தேதி விடிந்து பார்த்தேன். உட்கார்ந்தபடியே கம்பியில் சாய்ந்து கிடந்தார். கட்டை அவிழ்த்தேன். உள்ளே ரத்தம் ஒரு சொட்டு இல்லை. முதல் சுற்றில் மட்டும் காய்ந்த ஒரு பொட்டு. மற்ற மூணு சுற்றும் போட்டபடியே வெள்ளையாக இருந்தது. ரத்தம் முதல் நாளே நின்றிருக்கிறது. துணி மட்டும் நிற்காமல் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது எனக்கு நெய்கிற வேலை இல்லை, சுருட்டுகிற வேலைதான். சுருட்டுகிற வேலையில் ஒரே ஒரு சூத்திரம்தான் உண்டு. தளரக் கூடாது. தளர்ந்த சுருளைச் சூப்பர்வைசர் விரலை விட்டுப் பார்த்துத் தூக்கி எறிவான். அதனால் துணியைக் கையில் எடுத்தால் என் கட்டை விரல் தன்னால் இழுத்துக்கொள்ளும். அன்றைக்கும் இழுத்துக்கொண்டது. நான் யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார் என்று உனக்கு எழுதினேனே, அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். சத்தம் போட்டாரோ என்னமோ. எனக்குக் கேட்காது.

பதிமூணாம் தேதி சாயங்காலம் மாரிக்கனி வந்தாள். கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீ போன் போட்டபோது போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அவிய எழுதுவாக" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுதிவிட்டேன். இதை எப்படி அனுப்புவது?


மடவார் வளாகம்,
18.6.2024

அண்ணனுக்கு,

சுகமா? மதினியிடம் ரெண்டு தரம் கேட்டுவிட்டேன். "அவிய எழுதுவாக" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். டாக்டர் இன்னும் பஸ் ஏறக் கூடாது என்கிறார். ரெண்டு வரி போதும், எழுதுங்க.

வெள்ளத்தாய்


இராஜபாளையம்,
20.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் எல்லாரும் சௌக்கியம். உன் கண்ணு எப்படி இருக்கிறது?

சுபேதார் தவறிவிட்டார். உன் கடுதாசி வருவதற்கு முன்னாலேயே கட்டை அவிழ்த்துவிட்டேன். அதற்குள் ரத்தம் நிறையப் போய்விட்டது. சின்ன உடம்பு, தாங்கவில்லை. கொல்லையில் கறிவேப்பிலைச் செடி பக்கம் புதைத்தேன். உன் கண்ணுக்கு ஆகாது என்றுதான் உடனே சொல்லவில்லை. மாரிக்கனி சொல்லாததற்கும் நான்தான் காரணம்.

மாம்பழம் வந்திருக்கிறது. சப்பட்டை இந்த வருசம் நல்ல இனிப்பு. மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

மனசை விட்டுவிடாதே.

சுயம்புலிங்கம்


மடவார் வளாகம்,
1.7.2024

அண்ணனுக்கு வெள்ளத்தாய்.

மதினியும் நீங்களும் சுகம்தானே. மாம்பழம் வந்து சேர்ந்தது. ரெண்டு வைத்துக்கொண்டு மிச்சத்தை வெங்கடேஸ்வரிக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் வெட்டியதால்தானே அண்ணே ஒடிந்தது? ஒடிந்ததால்தானே ரத்தம்? நீங்க "மனசை விட்டுவிடாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒங்களுக்கு என்ன, நீங்க காப்பாற்றத்தானே பார்த்தீர்கள்.

பாண்டிச்செல்வத்திடம் போனில் சொன்னேன். "எப்படிம்மா?" என்றான். "நான்தான் தப்பா வெட்டிட்டேன்" என்றேன். "சரி, ட்யூட்டி இருக்கு" என்று வைத்துவிட்டான். அவன் முன்னெல்லாம் போன் போட்டால் முதலில் அதைத்தான் விசில் அடிக்கச் சொல்லிக் கேட்பான். இப்போது ரெண்டு வார்த்தை. சாப்பிட்டியா, அப்பா இருக்காரா.

நேற்று மேலத் தெருவில் முத்தாத்தாள் பேரனுக்குத் தண்ணி ஊத்தக் கூப்பிட்டு வந்தார்கள். பிறந்து ஏழு நாள் ஆன பிள்ளை. வைத்தியநாதர் கோயில் தெருவில் பிள்ளை பிறந்தால் குளிப்பாட்ட என்னைத்தானே கூப்பிடுவார்கள். இருபது வருசத்தில் எத்தனை பிள்ளையைக் காலில் போட்டிருப்பேன், கணக்கில்லை. நேற்று, "கண்ணு சரியில்ல, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கண்ணு நல்லாத்தான் தெரிகிறது அண்ணே. முன்னைவிட நல்லாவே தெரிகிறது. பிள்ளையின் நெஞ்சு ஒரு பறவை அளவுதானே இருக்கும். அதில் இந்தக் கையை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

வெள்ளத்தாய்


இராஜபாளையம்,
28.7.2024

அன்புத் தங்கச்சி,

நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் என்று எழுதலாம் என்று பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது தாயி. கைக்கு என்ன தெரியும்? தறியில் எங்களோடு உக்கிரபாண்டி என்று ஒருத்தன் இருந்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். மீசை மட்டும் ரெண்டு ஆள் மீசை. வீட்டுக்காரி அடித்தால் மீசையைப் பிடித்துக்கொண்டு அழுவான். ஒரு தடவை தம்பியை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம், தம்பி பேச்சையே எடுக்காமல், தன் பெருமையையே ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் பொண்ணு வீட்டார், "மாப்பிள வயசு கொஞ்சம் கூடுதலாத் தெரியுதே" என்று எழுந்து போய்விட்டார்கள். அந்தக் கல்யாணம் நின்றதற்கு அவன் தம்பி இன்றைக்கும் அவனோடு பேசுவதில்லை. அது கிடக்கட்டும். அந்த உக்கிரபாண்டிக்கு ஒரு நாள் தறியில் ஓடுகிற நாடாக் கட்டை அடித்து விரலில் காயம். எல்லாரும் ஓடி வந்தோம். துணிக்கா பஞ்சம்? நான்தான் எடுத்துச் சுற்றினேன். "எலேய், வலிக்குலே, விரலு விறைக்குலே" என்று கத்துகிறான். "ரத்தம் நிக்கணும்னா இறுகத்தான் இருக்கும், பேசாம இரு" என்று நான். சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் விரல் நாவப்பழம் மாதிரி

நான் சொல்ல வந்தது வேறு. என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துவிட்டது.

முத்தாத்தாள் பேரனுக்குப் போய்த் தண்ணி ஊத்து. உன் கையில் ஒண்ணும் இல்லை.

சுயம்புலிங்கம்


மடவார் வளாகம்,
20.8.2024

அண்ணனுக்கும் மதினிக்கும் வெள்ளத்தாய்.

அனைவரும் சுகம். ஆவணி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் ஒன்றாம் தேதி வெங்கடேஸ்வரிக்கு வளைகாப்பு வைத்திருக்கிறது. வத்திராயிருப்பில் அவள் வீட்டில்தான். அன்றைக்கே இங்கே கூட்டி வந்துவிடுவோம். தாய்மாமன் சேலையும் முதல் வளையலும் நீங்க கொண்டுவர வேண்டும். ஒங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெங்கடேஸ்வரி போனில் கேட்டாள். "எம் பிள்ளைக்கு நீதானம்மா தண்ணி ஊத்துவ?" என்று. "ஆளு பேசிக்கிடலாம்" என்றேன். "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஊத்துனவ எம் பிள்ளைக்கு ஆளு பேசுதியா?" என்று போனை வைத்துவிட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? கல்லுப்பட்டித் தெருவிலிருந்து ஒரு பொம்பளையைச் சொல்லி வைத்திருக்கிறேன். நல்லா ஊத்துவாளாம்.

ஒங்க கடுதாசியில் உக்கிரபாண்டி கதை பாதியில் நிற்கிறது. விரல் என்ன ஆனது என்று நீங்க எழுதவே இல்லையே?

அவசியம் வாங்க.

வெள்ளத்தாய்


மடவார் வளாகம்,
3.9.2024

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

வளைகாப்பு முடிந்தது. சேலையும் வளையலும் வந்தது. மதினி வந்தாள். தாய்மாமன் வரவில்லை. "மாமா எங்க?" என்று வெங்கடேஸ்வரி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சம்பந்தி வீட்டார், "அண்ணன் தங்கச்சிக்குள்ள எதுவுமா?" என்று கேட்டார்கள். "அவியளுக்குக் காலு வலி" என்றேன். நான் ஒங்களுக்கு என்ன செய்தேன் அண்ணே?

வெள்ளத்தாய்


இராஜபாளையம்,
18.10.2024

வெள்ளத்தா,

நீயும் வெங்கடேஸ்வரியும் சுகமாக இருக்க வேண்டும். நிறை மாசம் ஆகியிருக்கும். இதற்குமேல் தள்ளினால் பிள்ளை பிறந்துவிடும்.

ஒன்றரை மாசத்தில் ஏழெட்டுக் கடுதாசி எழுதிக் கிழித்தேன். எதை எடுத்தாலும் கம்மாயில் மீன் பிடித்தது, தேருக்குப் போய் நீ தொலைந்தது என்று எங்கேயாவது போய் நிற்கிறது. இந்தத் தடவை எங்கேயும் போகப் போவதில்லை.

சுபேதார் ரத்தம் போய்ச் சாகவில்லை. நான் போட்ட கட்டில் மூச்சு முட்டிச் செத்தார். ரத்தம் அன்றைக்கு மத்தியானமே நின்றுவிட்டது. பதினொன்றாம் தேதி காலையில் அவிழ்த்தபோது உயிர் இல்லை. "முன்னாலேயே அவிழ்த்துவிட்டேன்" என்று உனக்கு எழுதினேன். அது பொய் இல்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னது கிடையாது.

ஜூன் பதினஞ்சாம் தேதி இதையே எழுதி வைத்தேன். அலமாரியில் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன், படித்துக்கொள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்பாய். நாப்பது வருசம் கட்டுத்துணியில் சோறு தின்றவனுக்குக் கட்டுப் போடத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும் என்று முதலில் நினைத்தேன். பொறவு, நீ "நான்தான் வெட்டினேன்" என்று எழுதியிருந்ததைப் படித்தேன். படித்ததும் என் நெஞ்சு லேசானது தாயி. அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. என் தங்கச்சி தானாக வந்து பழியைத் தலையில் எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிசம் நினைத்தேன். அந்த ஒரு நிமிசம் நாலு மாசம் ஓடியிருக்கிறது.

வளைகாப்பு அன்றைக்கு மாரிக்கனி வந்து சேலைகூட மாற்றவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஒங்க தங்கச்சி, பெத்த மகளுக்கு வளையல் போடக் கைய நீட்டுனா. பாதியில இழுத்துக்கிட்டா. 'எங் கையில ஒடஞ்சிரும் மதினி, நீ போடு'ன்னு என்கிட்ட குடுத்துட்டா. நீங்க அவளுக்கு மீசைக்காரன் கத எழுதிக்கிட்டே இருங்க." எனக்குப் புரியவில்லையோ என்று அதையே காலண்டர்த் தாளிலும் எழுதி அரிசிப் பானை மேல் ஒட்டிவிட்டாள். தினமும் சோறு பொங்க அந்தப் பானையைத்தான் திறக்கிறாள்.

உன் கை நல்ல கை. பிள்ளைக்கு நீயே தண்ணி ஊத்து. கெட்டது என் கை.

உக்கிரபாண்டி விரலைக் கேட்டிருந்தாய். நகத்தோடு நுனி போய்விட்டது. அன்றைக்கே நான் பாடம் படித்திருக்க வேண்டும்.

சுயம்புலிங்கம்


மடவார் வளாகம்,
14.11.2024

அண்ணனுக்கு வெள்ளத்தாய்.

நாங்கள் சுகம். ஐப்பசி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் வெங்கடேஸ்வரிக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கிறது. ரெண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் நலம்.

ஒங்க கடுதாசி பிரசவத்துக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே வந்தது. பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. நீங்க முன்னால் எழுதின மாதிரியே, காய்ச்சல் இல்லை.

பறவை செத்ததற்கு ஒங்க மேல் கோவம் இல்லை. தெரியாமல் செய்தது. குருத்தை ஒத்தையில் நிற்க விட்டது நான்தான், அதையும் ராம்குமாரிடம் மறுபடி கேட்டுவிட்டேன். அது என் பங்கு, அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மாசம் ஒங்க பங்கையும் சேர்த்து என் தலையில் வைத்துவிட்டு மாம்பழம் கொடுத்து விட்டீர்களே. அதுதான் எனக்கு ஆறவில்லை. முத்தாத்தாள் பேரன் இப்போது குப்புற விழுகிறான். அவன் உடம்பு என் கை படாமலேயே வளர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளையை நீங்க எனக்குத் திருப்பித் தர முடியுமா?

கல்லுப்பட்டித் தெருப் பொம்பளையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழாம் நாள் நானே காலில் போட்டேன். முதல் செம்பை என் கால் மேலேயே ஊத்திவிட்டேன். ரெண்டாவது செம்பில் பிள்ளை என் சேலையை நனைத்துவிட்டது. வெங்கடேஸ்வரி கட்டிலில் கிடந்து சிரித்தாள். பொறவு நெஞ்சில் கை வைத்துத் தேய்த்தேன்.

பாண்டிச்செல்வத்துக்கு நான் சொல்ல மாட்டேன். என் வாயால் பொய்யைச் சொல்ல வைத்தீர்கள், உண்மையையாவது நீங்களே சொல்லுங்க. அவன் இன்னும் என்னோடு ரெண்டு வார்த்தைதான். அவனுக்கு எழுதிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வாங்க. எழுதாமல் வர வேண்டாம்.

வெள்ளத்தாய்


இராஜபாளையம்,
15.12.2024

மருமகப்பிள்ளை பாண்டிச்செல்வத்துக்கு மாமன் சுயம்புலிங்கம்.

அங்கே குளிர் எப்படி, கம்பளி போதுமா என்றெல்லாம் கேட்க ஆசைதான். அதைக் கேட்க ஆரம்பித்தால் நான் எங்கேயாவது போய்விடுவேன். அதனால் விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுபேதாரைக் கொன்றது உன் அம்மா இல்லை. நான். சிறகில் ரத்தம் வந்தபோது பறவைக்கு நெஞ்சைச் சுற்றிக் கட்டக் கூடாது என்று தெரியாமல், சுருள் சுற்றுகிற மாதிரி இறுகச் சுற்றிவிட்டேன். மூச்சு முட்டிப் போய்விட்டார். உன் அம்மா சிறகை வெட்டியது உண்மை. ஆனால் அந்த ரத்தம் நின்றுவிட்டது. அவள் உன்னிடம் "நான்தான்" என்று சொன்னது, நான் அவளிடம் பொய் சொன்னதால். நாலு மாசம் அவள் ஊரில் ஒரு பிள்ளையைத் தொடவில்லை. நீ அவளோடு முகம் கொடுத்துப் பேசாத நாளுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டும். திட்டுவதானால் என்னைத் திட்டு. போனில் திட்டினால் எனக்குக் கேட்காது, எழுதித் திட்டு.

இதை எழுத எனக்கு ஒரு மாசம் ஆகியிருக்கிறது. உன் விலாசம் தெரியவில்லை என்று மாரிக்கனியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அன்றைக்கே எழுதி என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் துவைக்கும் முன்னால் எடுத்து, துவைத்த பொறவு திரும்ப அதே பையில் வைக்கிறாள்.

இன்றைக்கு அம்மாவுக்குப் போன் போடு. இந்தக் கடுதாசி உன் கைக்கு வருகிற நாள் எதுவோ, அன்றைக்கே போடு. ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசு. உன் மருமகளைப் பற்றிக் கேள். அவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, நீ லீவில் வந்த பொறவுதான் வைப்பேன் என்று வெங்கடேஸ்வரி ஒத்தைக் காலில் நிற்கிறாளாம். நான் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. உனக்கு எழுதிய பொறவுதான் வரச் சொல்லி உன் அம்மா

மாரிக்கனி தோளைத் தட்டிக் காலண்டர்த் தாளை நீட்டுகிறாள். அதில் இப்படி எழுதியிருக்கிறாள்: "வாசல்ல ஆட்டோ. ஒங்க தங்கச்சியும் வெங்கடேஸ்வரியும். தங்கச்சி மூஞ்சி இன்னும் கோவமாத்தான் இருக்கு. 'எழுதிட்டாகளா'ன்னு கேட்டா. எழுதிக்கிட்டு இருக்காகன்னேன். பிள்ளைய வச்சிருக்கா. ஒங்களக் கையக் கழுவிட்டு வரச் சொன்னா."

மருமகப்பிள்ளை, மிச்சத்தை வந்து எழுதுகிறேன், சோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, மாரிக்கனி அதற்குள் மறுபடியும் தட்டுகிறாள், நான் போய்க் கையை